பேட்ஜில் பூஜ்யம் வந்தால் போதுமா?

கேள்வி: நான் வேதியியலில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. எங்கள் துறையில் ஒரு பழைய பவுடர் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே விளிம்பு விளைவு) இயந்திரம் இருக்கிறது. சாம்பிள் ஓட்டும் பொறுப்பு எனக்கும் ஒரு சீனியருக்கும். வெளிக் கல்லூரிகளிலிருந்தும் சாம்பிள் வருவதால் காலையில் ஆரம்பித்தால் இரவு வரை ஓடும். எனக்குக் கதிர்வீச்சு அளவைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அறிக்கையில் இதுவரை என் பெயருக்கு நேரே பூஜ்யம்தான். அதைப் பார்த்துத் தைரியமாக இருந்தேன்.

இப்போது இயந்திரத்தின் கதவு ஸ்விட்ச் சரியில்லை. ஸ்கேன் பாதியில் நின்றுவிடுகிறது. சீனியர் ஸ்விட்சை அழுத்தி டேப் ஒட்டிவிட்டார். இனிக் கதவைத் திறந்தாலும் ஷட்டர் தானாக மூடாது. "பேட்ஜில் ஒன்றும் வரவில்லையே, அப்புறம் என்ன பயம்?" என்கிறார். 'எக்ஸ்ரே ஆன்' சிவப்பு விளக்கும் எரிவதில்லை. இயற்பியல் துறையிலிருந்து ஒரு மீட்டர் வாங்கிவந்து பிடித்துப் பார்த்தோம், முள் அசையவில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. அம்மாவும் மாமியாரும் இந்த வேலையே வேண்டாம் என்கிறார்கள். சாயங்காலமானால் தலைவலி வேறு. இது கதிர்வீச்சாலா? நாளை குழந்தைக்கு ஆபத்து உண்டா? ஈய ஏப்ரன் கேட்கலாமா? பேட்ஜை லேப் கோட்டில் குத்தி, கோட்டை ஆய்வகத்து ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போவேன். அது தவறா? பெயர் வெளியிட வேண்டாம்.

— ஓர் ஆய்வு மாணவி

பதில்: முதலில் ஒரு வேலை செய்யுங்கள், அம்மா. நாளை அந்த இயந்திரத்தில் சாம்பிள் போடாதீர்கள். டேப்பைப் பிரித்து, கதவு ஸ்விட்சை மாற்றி, சிவப்பு விளக்கும் எரிகிறது என்று பார்த்த பிறகு ஓட்டிக்கொள்ளலாம். வரிசையில் காத்திருக்கும் சாம்பிள்கள் காத்திருக்கட்டும். மற்றக் கேள்விகளுக்குச் சாவகாசமாகப் பதில் சொல்கிறேன். இது ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது.

உங்கள் சீனியர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆறு மணி நேர ஸ்கேன் ஐந்தாவது மணியில் நின்றுபோனால் யாருக்கும் ஆத்திரம் வரும். ஆனால் அவர் சொல்லும் காரணம் அடிப்படையிலேயே தவறு. அந்தத் தவறு நம் ஆய்வகங்களில் பரவலாக இருப்பதால்தான் உங்கள் கடிதத்துக்கு விரிவாக எழுதுகிறேன்.

எக்ஸ்ஆர்டி டியூபுக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 40 கிலோவோல்ட், 30 அல்லது 40 மில்லிஆம்பியரில் எலக்ட்ரான்கள் தாமிரத்தில் மோதுகின்றன. அங்கிருந்து கிளம்பும் எக்ஸ்ரே, பெரிலியம் ஜன்னல் வழியாக வெளியே வருகிறது. பிளவுகள் அதை மெல்லிய கற்றையாக்குகின்றன. அந்தக் கற்றையின் அகலம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் வலு மருத்துவமனை எக்ஸ்ரேயோடு ஒப்பிடவே முடியாதது. மருத்துவமனையில் டியூப் ஒரு விநாடிக்கும் குறைவாகவே எரியும். உங்களுடையது நாளெல்லாம் எரிகிறது. டியூப் ஜன்னலை ஒட்டிய இடத்தில் தோலுக்குக் கிடைக்கும் அளவு நிமிடத்துக்கு ஆயிரம் கிரேயைக் கூடத் தாண்டலாம். தோல் சிவக்கத் தொடங்க 2 கிரே போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், கண் சிமிட்டும் நேரம் கூட வேண்டாம்.

இந்தக் கற்றை உங்கள் சட்டைப் பக்கம் வரவே வராது. உங்களுக்கு ஏதாவது ஆனால் அது சாம்பிளை நேராக்க நீட்டிய ஆள்காட்டி விரலுக்கு ஆகும். நெஞ்சில் குத்திய பேட்ஜ் அரை மீட்டருக்கு அப்பால், கற்றையின் பாதைக்கு வெளியே இருக்கும். விரல் வெந்துபோன காலாண்டிலும் அறிக்கையில் பூஜ்யம் வரலாம். முற்றத்தில் வைத்த மழைமானி பெய்த மழையைச் சொல்லும், கொல்லைப்பக்கம் குழாய் உடைந்து பீய்ச்சியதைச் சொல்லாது. மோதிரம்போல் விரலில் போடும் டி.எல்.டி. இதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் கற்றை விரல் நுனியில் பட்டு, மோதிரம் அடிவிரலில் இருந்தால் அதற்கும் பாதிக் கதைதான் தெரியும்.

அப்படியானால் பேட்ஜ் எதற்கு? உடம்பு முழுவதும் மெல்லப் படும் சிதறல் கதிர், கவசத்தில் எங்கோ கசிவு, மூன்று மாதமாகச் சேரும் சிறு அளவுகள் ஆகியவற்றைச் சொல்லத்தான். அதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் நீங்களும் அதைச் சரியாக அணிய வேண்டும். நம் நாட்டில் கொடுக்கும் பேட்ஜைத் திறந்தால் உள்ளே ஓர் உலோகத் தகட்டில் மூன்று சிறு வில்லைகள் இருக்கும். டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டை டெஃப்ளானில் வைத்துச் செய்தவை. கதிர் பட்டால் அந்த ஆற்றலில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கும்போது அதை ஒளியாக விடும். ஒளியை அளந்தால் அளவு தெரியும். ஒரு வில்லைக்கு மேல் உலோக வடிகட்டி, இன்னொன்றுக்கு மேல் பிளாஸ்டிக், மூன்றாவதுக்கு மேல் ஒன்றும் கிடையாது. மூன்றும் காட்டும் அளவுகளின் விகிதத்தை வைத்துத்தான் பட்டது எந்த ஆற்றலுள்ள கதிர் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

உங்கள் இயந்திரத்துக்கு அந்த மூடாத மூன்றாவது வில்லைதான் உயிர். தாமிரத்தின் முக்கியக் கதிர் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட். மிக மென்மையானது. கழுத்தில் தொங்கும் பிவிசி அடையாள அட்டை பேட்ஜின் மேல் விழுந்து கிடந்தால், அந்தக் கதிர் கிட்டத்தட்ட முழுவதும் அட்டையிலேயே நின்றுவிடும். பேட்ஜைப் பின்பக்கம் முன்னால் வரும்படி குத்தினாலும் கணக்குத் தப்பும். ஆகவே முகப்பு வெளியே தெரியும்படி, நெஞ்சு உயரத்தில், மேலே எதுவும் மறைக்காமல் குத்துங்கள்.

ஆணியில் மாட்டுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தவறுதான். ஆணி எக்ஸ்ஆர்டி அறைக்குள்ளேயே இருந்தால், நீங்கள் வீட்டில் தூங்கும் நேரத்துக் கதிரையும் அது உங்கள் கணக்கில் எழுதும். கோட்டை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டமாய்ப் போய்ச் சாம்பிள் மாற்றிய நாட்களில் உங்களுக்குப் பட்டதை எழுதாது. பேட்ஜ்களோடு 'கன்ட்ரோல்' என்று ஒரு பேட்ஜ் தனியாக வரும். அதன் வேலை இயற்கையான பின்னணிக் கதிரை மட்டும் பதிவது. மற்ற எல்லோருடைய அளவிலிருந்தும் அது கழிக்கப்படும். அது எக்ஸ்ஆர்டி அறை மேசை டிராயரில் கிடந்தால், உங்களுக்கு உண்மையில் பட்ட சிறு அளவுகூடக் கழிந்து பூஜ்யமாகிவிடலாம். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள். பல துறைகளில் அது எங்கே இருக்கிறதென்று யாருக்குமே தெரியாது. அலுவலக அறையில், இயந்திரத்திலிருந்து தள்ளி, எல்லோருடைய பேட்ஜையும் இரவில் அதன் பக்கத்திலேயே மாட்டும்படி ஒரு பலகை வைப்பது நல்ல வழக்கம்.

இயற்பியல் துறையின் மீட்டர் அசையாததற்கு வருவோம். அங்கே காமா கதிர்ப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் கெய்கர் மீட்டராகத்தான் அது இருக்கும். பெரும்பாலும் குழாய்க்குக் கனமான உலோகச் சுவர். 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. கசிவு இருந்தாலும் முள் அசையாது. உங்களுக்கு வேண்டியது நுனியில் மெல்லிய மைக்கா ஜன்னல் உள்ள கெய்கர் குழாய், அல்லது மெல்லிய ஜன்னல் வைத்த அயனி அறை. சும்மா அறை நடுவில் நின்று பிடித்தால் போதாது. கதவு விளிம்பு, கண்ணாடி பொருத்திய ஓரம், டியூப் உறையின் இணைப்பு, ஷட்டர் பக்கம் எல்லாவற்றையும் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் ஜன்னலை வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். கசிவு என்பது பெரும்பாலும் நூல்போன்ற கோடாக இருக்கும். வேகமாகக் கையை ஓட்டினால் மீட்டர் அதைப் பார்க்காமலே தாண்டிவிடும். ஷட்டர் மூடிய நிலையில் ஒரு சுற்று, திறந்து ஸ்கேன் ஓடும்போது ஒரு சுற்று. சாதாரணமாக நம் சுற்றுப்புறத்தில் மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் அளவுக்கு இருக்கும். நல்ல நிலையில் உள்ள, முழுக்க மூடிய இயந்திரத்தின் வெளிப்பக்கத்தில் அதற்கு மேல் பெரிதாக ஏறக் கூடாது. டியூப் மாற்றிய பிறகும், அலைன்மென்ட் செய்த பிறகும், கவசத்தைக் கழற்றி மாட்டிய பிறகும் இந்தச் சோதனை கட்டாயம்.

இப்போது அந்தக் கதவு ஸ்விட்ச். காலையில் வோல்டேஜை ஏற்றினால் மாலைவரை டியூப் எரிந்துகொண்டேதான் இருக்கும். சாம்பிள் மாற்றும்போது உங்களுக்கும் கற்றைக்கும் நடுவில் இருப்பது ஷட்டர் என்ற சின்ன உலோகத் துண்டு மட்டும்தான். அதன் ஸ்பிரிங் தளரலாம், சோலனாய்டு சிக்கிக்கொள்ளலாம். மூடிவிட்டதாகத் திரை சொன்னாலும் பாதி திறந்தே நிற்கலாம். ஒன்று தவறினால் இன்னொன்று காப்பாற்றும் என்றுதான் ஷட்டர், கதவு ஸ்விட்ச் (இன்டர்லாக்), சிவப்பு விளக்கு என்று மூன்று வைத்திருக்கிறார்கள். இன்டர்லாக் இரண்டாவது, விளக்கு மூன்றாவது என்று உங்கள் அறையில் இரண்டு போய்விட்டன. மீதி இருப்பது ஷட்டர் ஒன்றுதான். அதுவும் பழைய இயந்திரத்தின் ஷட்டர். நான் இவ்வளவு அவசரமாக நிறுத்தச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஸ்கேன் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் அற்பக் காரணம்தான் இருக்கும். கதவின் கீல் தொய்ந்து, கதவு ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் மைக்ரோஸ்விட்சின் நாக்கு தேய்ந்திருக்கும். சர்வீஸ் என்ஜினீயர் ஒரு நாளில் முடிக்கிற வேலை. நீங்களாகப் பிரிக்க வேண்டாம். அதற்குக் கதிர்வீச்சு மட்டும் காரணமில்லை. உள்ளே 40 கிலோவோல்ட் ஓடுகிறது, அணைத்த பிறகும் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். கதிர் சுட்டது விரலில் தெரிய நாட்கள் ஆகலாம், மின்சாரம் அங்கேயே ஆளைக் கொன்றுவிடும். பெரிலியம் ஜன்னலையும் தொடவோ துடைக்கவோ கூடாது. அது உடைந்தால் வரும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

அலைன்மென்ட் நேரம்தான் இந்தத் துறையில் விபத்துகள் அதிகம் நடந்த நேரம். மூடியைக் கழற்றி, இன்டர்லாக்கைத் தாண்டி, கற்றை எங்கே விழுகிறது என்று தேடும் வேலை அது. பயிற்சி பெற்றவர், முடிந்த அளவு குறைந்த வோல்டேஜிலும் மின்னோட்டத்திலும், பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு, கையில் மீட்டரோடு செய்ய வேண்டியது. ஆய்வு மாணவர்கள் 'கற்றுக்கொள்ள' இதைச் செய்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விரல்களைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1895 நவம்பரில் ரோன்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்த சில மாதங்களுக்குள்ளேயே தோல் சிவத்தலும் முடி உதிர்தலும் தெரிய வந்துவிட்டன. ஆனாலும் டியூப் சரியாக வேலை செய்கிறதா என்று அந்தக் காலத்தவர்கள் தங்கள் கையையே முன்னால் நீட்டிப் பார்த்தார்கள். எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி அப்படிப் பார்த்துப் பார்த்தே கைகளில் புண்ணாகி, கைகள் வெட்டப்பட்டு, 1904-இல் இறந்தார். அவர் பட்ட பாட்டைப் பார்த்து எடிசன் எக்ஸ்ரே வேலையையே விட்டுவிட்டார்.

டேப் ஒட்டிய பிறகு நீங்களோ சீனியரோ கதவைத் திறந்து உள்ளே கைவிட்டதுண்டா? இருந்தால் விரல்களை இப்போதே வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் கதிர் படும்போது சூடோ வலியோ எதுவும் தெரியாது. 2 கிரே அளவுக்குப் பட்டால் சில மணி நேரத்தில் லேசான சிவப்பு வந்து ஓரிரு நாளில் மறையும். 6 கிரேக்கு மேல் போனால் ஏறத்தாழ பத்து நாள் கழித்து மறுபடி சிவந்து எரியும். அதற்கும் மேலே கொப்புளம், ஆறாத புண். முதல் சிவப்பு மறைந்ததைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் பலரும் ஏமாறும் இடம். சந்தேகம் இருந்தால் கை உள்ளே போன தேதி, நேரம், அப்போது இருந்த வோல்டேஜ், மின்னோட்டம், எத்தனை விநாடி என்று எழுதிவையுங்கள். விரலைத் தினமும் படம் எடுங்கள். தோல் மருத்துவரிடம் போனால் எக்ஸ்ரே கருவியில் வேலை செய்கிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அமிலம் பட்டதென்றோ ஒவ்வாமை என்றோ எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

தலைவலிக்குக் கதிர்வீச்சு காரணமில்லை. கதிரால் குமட்டலும் சோர்வும் வர வேண்டுமானால் உடம்பு முழுவதும் ஒரு கிரே அளவுக்குப் பட வேண்டும். மூடிய எக்ஸ்ஆர்டி இயந்திரத்துக்கு முன்னால் அது நடக்காது. டியூபைக் குளிர்விக்கும் சில்லரின் இரைச்சலும், ஏசி போட்டு அடைத்த அறையும், பத்து மணி நேரத் திரையும் போதும் தலை வலிக்க. இயந்திரத்தை அணைத்த பிறகும் அறைக்குள் கதிர் தங்கியிருக்கும் என்ற பயமும் வேண்டாம். வோல்டேஜ் போன கணமே எக்ஸ்ரே இல்லை. உங்கள் சாம்பிளும் கதிரியக்கப் பொருளாக மாறாது. டெல்லியில் 2010-இல் மாயாபுரி பழைய இரும்புக் கடையில் ஓர் உயிர் போனது நினைவிருக்கலாம். அது டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பயன்படாமல் கிடந்து ஏலத்தில் போன காமா கருவி, உள்ளே கோபால்ட்-60 இருந்தது. கோபால்ட்டை அணைக்க முடியாது. டியூபை அணைக்கலாம். நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நல்ல செய்தி இது.

ஈய ஏப்ரன் வேண்டாம். அது விரலை மறைக்காது. மூடிய இயந்திரத்துக்கு அது தேவையும் இல்லை. அந்தப் பணத்தில் மைக்கா ஜன்னல் மீட்டர் ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

குழந்தை பற்றி அம்மாவிடமும் மாமியாரிடமும் நீங்கள் இதை அப்படியே சொல்லலாம். 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் உடம்பில் முக்கால் மில்லிமீட்டர் போவதற்குள் பாதியாகிவிடும். அரை சென்டிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கருப்பை வரை அது போகவே போகாது. டியூபிலிருந்து 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை வலுவான கதிரும் கொஞ்சம் வரும் என்பது உண்மை. அது ஆழமாக ஊடுருவும். ஆனால் கவசம் சரியாக இருக்கும் இயந்திரத்தில் அது வெளியே வருவதில்லை. நம் நாட்டு விதிப்படி கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரம்பு, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கைகால்களுக்கும் தோலுக்கும் ஆண்டுக்கு 500. கர்ப்பம் என்று தெரிந்து சொன்ன பிறகு, மீதி மாதங்களில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இயற்கையிலிருந்தே உலக மக்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதால் அங்கே அதைவிடக் கூடுதல். பழுதில்லாத எக்ஸ்ஆர்டியில் சாம்பிள் ஓட்டுவதை நீங்கள் விட வேண்டியதில்லை. கர்ப்பம் உறுதியானதும் கைடிடம் சீக்கிரம் சொல்லுங்கள். அதை மறைத்து வைக்கும்போதுதான் யாராலும் உங்களுக்காக எதையும் மாற்ற முடியாமல் போகிறது. அந்த மாதங்களில் அலைன்மென்ட் நடக்கும் அறைக்குள் இருக்காதீர்கள். சரியாகாத இயந்திரத்தின் பக்கம் போகவே போகாதீர்கள்.

கடைசியாக, இதை எப்படிச் சொல்வது என்ற சங்கடம். கடிதத்தில் எழுதவில்லையென்றாலும் அது உங்களுக்கு இருக்கும். சீனியரைக் காட்டிக்கொடுப்பதாக ஆகக் கூடாது என்று தோன்றும். அவர் பெயரை எழுத வேண்டியதில்லை. லாக் புத்தகத்தில், "கதவு இன்டர்லாக் பழுது, எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, சரியாகும் வரை இயந்திரம் நிறுத்தம்" என்று தேதி போட்டு எழுதுங்கள். அதே வாசகத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அதன் படத்தைக் கைடுக்கும் துறைத்தலைவருக்கும், உங்கள் நிறுவனத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி இருந்தால் அவருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். சீனியரிடம் முதலிலேயே நேரில் சொல்லிவிடுங்கள், அவருடைய விரலும் இதில் இருக்கிறது.

2004-இன் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளின்படி உங்களைக் கண்காணிப்பதும் பதிவுகளை வைத்திருப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் அளவுப் பதிவை ஆண்டுக்கொரு முறையும், நீங்கள் கேட்கும்போதும், ஆய்வை முடித்துக் கிளம்பும்போதும் அவர்கள் தர வேண்டும். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளை வேறு நிறுவனத்தில் கதிர்வீச்சு வேலைக்குச் சேர்ந்தால் அங்கே அது தேவைப்படும். துறைக்குள் எழுதியும் இயந்திரம் அதே நிலையில் ஓடினால், மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதலாம். அதன் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. அந்த லாக் புத்தகப் பக்கத்தின் படத்தைக் கடிதத்தோடு இணையுங்கள்.